ஆயுத பூஜையும் ஆறு டிஸ்க்குகளும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் என் மனைவி இதைத் தினமும் சொல்வாள். கம்பெனியிலும் எல்லோரும் சொல்வார்கள், என் முதுகுக்குப் பின்னால். ஆனால் நியாயமாகப் பார்த்தால் என் கோபத்தில் முக்கால் பங்கு மனிதர்கள் மேல் வந்ததே இல்லை. ஒரகடத்தில் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே போகவேண்டிய ஒரு குளிர் அறையில், சர்வர் இருக்கிறது. நான் திட்டுவதெல்லாம் அதைத்தான்.

அது வந்து இறங்கிய நாளில் நான்தான் பெட்டியைப் பிரித்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை. முன்பக்கத்தில் ஆறு டிஸ்க்குகள், நாட்டு மருந்துக் கடை இழுப்பறைகள் மாதிரி வரிசையாக இருந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் கைப்பிடி விரியும், இழுத்தால் டிஸ்க் கையோடு வந்துவிடும். அந்த ஆறையும் ஒரே குடும்பமாகக் கட்டினேன். எந்தத் தகவலும் ஒரு டிஸ்க்கில் மட்டும் தனியாக இருக்காது. ஆறிலும் பிரித்துப் பிரித்து எழுதியிருக்கும். ஒன்று செத்துப்போனாலும் அதில் என்ன இருந்தது என்பதை மிச்சமுள்ளவை சேர்ந்து சொல்லிவிடும். ஒரே நேரத்தில் இரண்டு போனால்தான் வம்பு. அப்போது எல்லாமே வாயை மூடிக்கொள்ளும்.

பின்பக்கத்தில் கேபிள் செருகுகிற போர்ட்டுகள். கேட்டில் விரல் வைக்கிற வருகைப்பதிவு மெஷினுக்கு ஒன்று, கேமராக்களுக்கு ஒன்று, செய்து முடித்த பாகங்களை அளந்து பார்க்கிற மெஷினுக்கு ஒன்று, ஆபீஸுக்கு ஒன்று. ஒருவர் பேச்சு இன்னொருவர் காதில் விழாதபடி ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனி வழி போட்டிருந்தேன். கேபிளை மாற்றிச் செருகினால் இந்தப் பக்கமும் பேசாது, அந்தப் பக்கமும் பேசாது. இதையெல்லாம் செய்து முடித்துவிட்டு, ஆறு பச்சை விளக்குகளும் சேர்ந்து சிமிட்டியபோது, பெற்ற பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்த்த மாதிரி நின்றேன். அப்புறம் அது வளர்ந்து பிள்ளைகள் படுத்துகிற பாட்டையெல்லாம் படுத்தியது. கோடைக்காலத்தில் மூச்சு வாங்கும். மாதக் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் ரிப்போர்ட் கேட்டால் மலைத்து நின்றுவிடும். நான் அதன் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சனியனே, மூதேவி என்று அர்ச்சனை செய்வேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கேட்கும் என்பதைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததில்லை.

வெளியே கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருவர் இருந்தார். ஹவுஸ்கீப்பிங் அக்கா. வல்லக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். கான்ட்ராக்ட் ஆள், நீலச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு, எங்கள் மாடியைப் பெருக்கித் துடைப்பவர். அவர் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். அது அக்காவின் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக் கார்டில்தான் நடந்துகொண்டிருந்தது. வேலை இருக்கிற வரைக்கும் கார்டு, கார்டு இருக்கிற வரைக்கும் டயாலிசிஸ், அது இருக்கிற வரைக்கும் மனிதர். இது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். அக்கா ஒரு நாள்கூட இதைச் சொல்லி யாரிடமும் சலுகை கேட்டதில்லை. நானும் அவரிடம் நிறையப் பேசியதில்லை. அவர் துடைக்க வந்தால் காலைத் தூக்கிக்கொள்வேன், என் தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைத்துவிட்டுப் போவார், அவ்வளவுதான் பழக்கம். சர்வர் அறைக்குள் மட்டும் துடைப்பம் வரக்கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். அவரும் துடைப்பத்தோடு வந்ததில்லை.

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ஆயுத பூஜையை விடுமுறைக்கு முந்தின வேலை நாளிலேயே கொண்டாடிவிடுவார்கள். அன்று காலையிலேயே உற்பத்தி லைன் நின்றுவிடும். மெஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டுவார்கள். பிரஸ்ஸுக்குப் பொட்டு, ஃபோர்க்லிஃப்ட்டுக்கு மாலை, எடை போடுகிற தராசுக்குப் பொட்டு, தீயணைக்கிற சிவப்பு சிலிண்டருக்கும் பொட்டு. கேன்டீன் இட்லி ஒன்றுதான் பாக்கி. சர்வருக்கு வருடா வருடம் அக்காதான், நான் பக்கத்தில் காவல் நிற்க, மேல் மூடியில் ஒரே ஒரு பொட்டு வைப்பார்.

போன வருடம் நான் காவல் நிற்கவில்லை. பொரி, கடலை, பூசணிக்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் வாங்க என்னைப் படப்பைக்கு அனுப்பிவிட்டார்கள். மெஷின் ஓட்டுகிறவர்கள் மெஷினைக் கழுவவேண்டும், கணக்குப் பார்க்கிறவர்கள் கணக்கை முடிக்கவேண்டும், கம்ப்யூட்டர்காரனுக்கு மட்டும் கழுவ ஒன்றும் இல்லையாம். அன்று கரண்ட் போர்டைச் சுத்தம் செய்ய மொத்த சப்ளையையும் நிறுத்துவதாக எலக்ட்ரீஷியன் சொல்லியிருந்தார். அதனால் சர்வரை முறைப்படி அணைத்து, கொஞ்ச நேரம் தூங்கு சனியனே என்று சொல்லிவிட்டு, கம்பெனி வேனில் ஏறினேன்.

திரும்பி வந்தபோது மாடிப்படியிலேயே அந்தச் சத்தம் கேட்டது. ஒரே சீராக, நிறுத்தாமல் கீச் கீச் என்று. டிஸ்க் போனால் மட்டுமே சர்வர் போடுகிற சத்தம் அது.

பூசணிக்காயைப் படியிலேயே வைத்துவிட்டு ஓடினேன். சர்வர் அறையின் கதவு திறந்திருந்தது. கையில் சந்தனக் கிண்ணத்தோடு அக்கா நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. சர்வர் பளபளவென்று இருந்தது. ஆறு டிஸ்க்குகளின் நெற்றியிலும் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். பின்னால் போய்ப் பார்த்தேன். கேபிள்களையெல்லாம் உருவித் துடைத்து, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு பொட்டு வைத்து, மறுபடி செருகியிருந்தார். எது எந்தக் கேபிள் என்று நான் ஒட்டிவைத்திருந்த லேபிள்கள் பழுப்பேறி அசிங்கமாக இருந்ததால் அவற்றையும் உரித்துவிட்டிருந்தார். இவ்வளவு அழகாக அந்த சர்வரை நான் பார்த்ததே இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, இங்கே பிள்ளையார் பிள்ளையாராகவே வந்திருந்தார், ஆனால் மூச்சில்லை.

நடந்தது இதுதான். கரண்ட் இல்லாதபோது அக்கா ஒவ்வொரு டிஸ்க்காக இழுத்து எடுத்துத் துடைத்துப் பொட்டு வைத்து உள்ளே தள்ளியிருக்கிறார். அவற்றில் இரண்டு கடைசி வரை போய்ப் பதியவில்லை. சப்ளை வந்ததும், பூஜை நேரத்தில் விளக்கெரியட்டும் என்று எலக்ட்ரீஷியன் நல்லெண்ணத்தோடு சர்வரைப் போட்டிருக்கிறார். அது விழித்துப் பார்த்தபோது ஆறில் இரண்டைக் காணோம். உடனே கத்த ஆரம்பித்திருக்கிறது. பயந்துபோன அக்கா இரண்டையும் அழுத்தித் தள்ளியிருக்கிறார். அதற்குள் சர்வர் குடும்பத்தையே கலைத்துவிட்டிருந்தது.

நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே சரியாக நினைவில்லை. நிறையச் சொன்னேன். என் சத்தத்துக்குக் கீழேயிருந்து ஆட்கள் ஏறி வந்தார்கள். கேட்டில் விரல் வைத்தால் பதியவில்லை, அளக்கிற மெஷின் பேசவில்லை என்று ஏற்கெனவே கீழே சலசலப்பு. தொழிற்சாலைக்கே பொறுப்பான பிளான்ட் ஹெட் வந்து எட்டிப் பார்த்தார். விடுமுறை முடிந்ததும் ஒரு வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வருகிறார்கள், அந்த வாரம் அனுப்பிய பாகங்களின் அளவு விவரங்களைக் கேட்பார்கள், அது வருமா வராதா என்று என்னிடம் கேட்டார். பழைய வாரங்களுக்கு வேறு பிரதி இருந்தது, அந்த வாரத்துக்கு இல்லை. பார்க்கிறேன் என்றேன். யார் கைவைத்தது என்று அவர் கேட்க, நான் வாயைத் திறப்பதற்குள், கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் அக்காவிடம் கை நீட்டினான். அக்கா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தார். லீவு முடிந்ததும் வேறு ஆளை அனுப்புகிறேன் சார் என்று அவன் பிளான்ட் ஹெட்டிடம் சொன்னான். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த அட்டை அவன் சட்டைப் பைக்குள் போனதைப் பார்த்தபோதுதான் என் கோபம் இறங்கியது. அதோடு இ.எஸ்.ஐ. கார்டும் போகும், அதோடு இன்னொன்றும் போகும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

கீழே பூஜை நடந்தது. தேங்காய் உடைகிற சத்தம், பூசணிக்காய் உடைகிற சத்தம், கைதட்டல். ஆளுக்கொரு பொரிப் பையோடு எல்லோரும் பஸ்ஸுக்குப் போனார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அக்கா போகவில்லை. கதவுக்கு வெளியே தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போங்கக்கா என்றேன். தலையாட்டினார், எழுந்திருக்கவில்லை.

சர்வரை அணைத்து, ஒவ்வொரு டிஸ்க்கும் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து, மறுபடி போட்டேன். அது நாலு டிஸ்க்கைத் தன்னுடையது என்றது. மிச்சம் இரண்டையும் அந்நிய டிஸ்க் என்றது. இந்த அந்நியர்களிடம் ஏதோ பழைய அமைப்பு எழுதியிருக்கிறது, அதை ஏற்றுக்கொள்ளவா, அழித்துவிடவா என்று கேட்டது. இரண்டு பதில்களும் திரையில் அடுத்தடுத்த வரிகளில் இருந்தன. ஏற்றுக்கொள் என்றால் குடும்பம் சேரலாம், சேராமலும் போகலாம். அழி என்றால் அத்தோடு சரி. இந்த வேலையில் எத்தனையோ தடவை இதைவிடப் பெரிய சர்வர்களில் இப்படி உட்கார்ந்திருக்கிறேன், அப்போதெல்லாம் போனால் தகவல்தான் போயிருக்கும்.

அக்கா எழுந்து வந்து கதவோரம் நின்றார். வாசலைத் தாண்டவில்லை. திரையில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். இரண்டை மட்டும் யாரென்று தெரியாது என்கிறது என்றேன்.

"அது நம்முது தான சார்?"

"நம்முதுதான்க்கா."

"பின்ன இன்னாத்துக்குத் தெரியாதுன்னுது?"

"கொஞ்ச நேரம் வெளிய இருந்துச்சு இல்ல. அதான்."

நான் ஏற்றுக்கொள் என்பதை அழுத்தினேன். திரை கறுத்தது. இரண்டு பேரும் டிஸ்க்குகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். பொட்டு வைத்த ஆறு நெற்றிகளும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. முதல் விளக்கு பச்சையானது, அப்புறம் அடுத்தது. கடைசி விளக்கு ஆரஞ்சிலேயே நின்று நின்று, என் உயிரைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, பச்சையானது. அந்த வாரத்து அளவு விவரங்களைத் திறந்து பார்த்தேன். ஒன்று விடாமல் இருந்தன. வந்துட்டுதுக்கா என்றேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

உட்கார நேரமில்லை, கேபிள் வேலை பாக்கி என்று எழுப்பினேன். சர்வருக்குப் பின்னால் எல்லாமே ஒரே நீலக் கேபிள்கள், லேபிளும் இல்லை. சுவர் ஓட்டையில் கற்றையாக நுழைந்து, வராந்தாவில் வெளிப்பட்டு, அங்கேதான் கேட்டுக்கு ஒரு குழாய், அளக்கிற அறைக்கு ஒரு குழாய் என்று பிரிகின்றன. அக்காவை வராந்தாவில் ஒரு ஸ்டூல் மேல் ஏற்றி, கேபிள்களை லேசாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இந்தப் பக்கம் ஒரு கேபிளைப் பிடித்து மெல்ல இழுப்பேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, கேட்டுக்குப் போறது ஆடுது சார் என்று குரல் வரும். அதை அதன் போர்ட்டில் செருகுவேன். அடுத்ததை இழுப்பேன். அளக்குற ரூமு சார். ஒரு முனையில் ஈரச் சந்தனம் உள்ளேயே போயிருந்தது, அதை வெட்டிவிட்டு வேறு முனை போட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்த அந்த வேலையில், நான் அந்த அறையில் அனுபவித்தே இராத ஒரு நிம்மதி இருந்தது. கடைசிக் கேபிள் முடிந்ததும் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

பிளான்ட் ஹெட் இன்னும் கிளம்பவில்லை. அவர் அறைக்குப் போகும் வழியிலேயே என்ன சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன். அக்காவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். டிஸ்க்குகளை எடுத்துத் துடைக்கச் சொன்னது நான்தான் என்றும் சொன்னேன். சரியாகச் சொல்லித் தராமல் போய்விட்டேன், அந்த அம்மா மேல் தப்பில்லை என்றேன்.

சர்வர் பக்கத்தில் யாராவது தும்மினாலே சண்டைக்கு வருகிற ஆள் நான் என்பது அவருக்குத் தெரியாதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்கள் என்றார். நான் மறைப்பதை நிறுத்தவில்லை. நான்தான் சொன்னேன் என்று மறுபடியும் சொன்னேன். அப்படியானால் உங்கள் மேல்தான் நடவடிக்கை எடுக்கவேண்டியிருக்கும் என்று அவர் குரலை உயர்த்தினார்.

கதவு திறந்தது. அக்கா உள்ளே வந்தார். தட்டக்கூட இல்லை.

"அவரு பொய் சொல்றாரு சார். அவரு இங்கயே இல்ல. நான் தான் எடுத்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கிணற்றில் விழுந்தவருக்குக் கயிறு போட்டால், அவர் அதை அவிழ்த்து என் கையிலேயே கொடுக்கிறார். பிளான்ட் ஹெட் அவர் பக்கம் திரும்பி, வருடா வருடம் மேலே ஒரு பொட்டோடு விட்டுவிடுவீர்களே, இந்த வருடம் எதற்காக உள்ளே கைவிட்டீர்கள் என்று கேட்டார். கடுமையாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியதுபோல்தான் இருந்தது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவ்வளவு கத்தினேனே தவிர, ஏன் என்று நான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

அக்கா என்னைப் பார்க்காமல், மேஜையின் விளிம்பைப் பார்த்துச் சொன்னார்.

"இவரு வருசம் பூரா அந்தப் பொட்டியாண்ட குந்திகினு கத்திகினே கீறாரு சார். கத்திட்டு வந்து பிரஷர் மாத்திரை போடுறாரு. எங்க வூட்டுக்காரருக்கும் பிரஷர்ல தான் கிட்னி போச்சு. வெளிய பொட்டு வெச்சா உள்ள இருக்கிறதுங்களுக்குக் கேக்கல போலன்னு நெனச்சேன். அதான் ஒவ்வொண்ணா வெளிய எடுத்து, இந்த வருசம் அவரக் கத்த வெக்காதீங்க, அவரு நல்லா இருக்கணும்னு வேண்டிகினு வெச்சேன். வேற ஒண்ணும் இல்ல சார்."

பிளான்ட் ஹெட் தன் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார். அப்புறம் போனை எடுத்துக் கான்ட்ராக்ட் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். லீவு முடிந்ததும் அதே அம்மாதான் வருவார்கள், அட்டையை இப்போதே கேட்டில் கொடுத்துவிட்டுப் போ என்றார். போனை வைத்துவிட்டு, அந்த ரூமுக்குள் மட்டும் இனிமேல் போகாதீர்கள் அம்மா என்று அக்காவிடம் சொன்னார். அக்கா தலையாட்டினார். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டிருந்தார்.

வராந்தாவுக்கு வந்தோம். எனக்கு ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. என்னைப் பெற்றவர்கள் வேண்டியிருப்பார்கள், கட்டிக்கொண்டவள் வேண்டியிருப்பாள். காலைத் தூக்கிக்கொள்வதைத் தவிர நான் வேறொன்றும் செய்திராத ஒரு மனுஷி, தன் வீட்டில் அவ்வளவு பெரிய கஷ்டத்தை வைத்துக்கொண்டு, ஆறு டிஸ்க்குகளிடம் ஆறு முறை எனக்காகக் கேட்டிருக்கிறார். கண்ணில் நீர் முட்டிவிட்டது. அதை அவர் பார்த்துவிடக்கூடாது என்று திரும்பிக்கொண்டு ஒரு சத்தம் போட்டேன்.

"இன்னும் இன்னா நிக்கிறீங்க? கடைசி பஸ்ஸும் போய்டப் போவுது. நாளைக்கு அவர ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவணும் இல்ல?"

அக்கா நகரவில்லை.

"பாருங்க சார்," என்றார். "இப்பவே கத்துறீங்க."